இடைக்கால ஐரோப்பாவில் யாருக்குப் படிக்கக் கிடைத்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இடைக்காலக் கத்தோலிக்க ஐரோப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் உடனே இரண்டு குரல்கள் எழும். திருச்சபைதான் மக்களைப் படிக்கவிடாமல் இருட்டில் வைத்தது என்று ஒன்று. பள்ளிக்கூடம், பல்கலைக்கழகம் எல்லாமே திருச்சபை போட்ட பிச்சை என்று இன்னொன்று. இரண்டு பேரும் கை நிறைய ஆதாரம் வைத்திருப்பார்கள், அதுதான் சிக்கல். எனக்குத் தோன்றுவது இது: பள்ளிக்கூடம் என்பது குருக்களை உருவாக்குவதற்காகக் கட்டிய வாசல். மற்றவர்கள் அந்த வாசலில் ஒட்டிக்கொண்டும், கொல்லைப்புறமாகவும், சில சமயம் சுவரேறியும் உள்ளே போனார்கள். இதை வைத்துப் பார்த்தால் கீழே வரும் கேள்விகளில் பாதிக்குப் பதில் தானாக வந்துவிடும். ஏறக்குறைய 800 முதல் 1500 வரை, பெரும்பாலும் இங்கிலாந்து, பிரான்ஸ், இத்தாலி பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

சாமியார்களைத் தவிர யாருக்குமே படிக்கத் தெரியாது என்பது உண்மையா?

முதலில் "படிக்கத் தெரியும்" என்றால் என்ன என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்து லத்தீனில் "லித்தெராத்துஸ்" என்று ஒரு சொல் உண்டு. எழுத்தறிந்தவன் என்று மொழிபெயர்க்கலாம், ஆனால் உண்மையான பொருள் லத்தீன் அறிந்தவன் என்பதே. ஒரு வணிகர் பிரெஞ்சில் கணக்கு எழுதுவார், கடிதம் படிப்பார், கதைப்புத்தகம்கூட வைத்திருப்பார், ஆனாலும் ஏட்டில் அவர் "இல்லித்தெராத்துஸ்", அதாவது எழுத்தறியாதவர். அதேபோல "கிளெரிக்குஸ்" என்ற சொல்லுக்குக் குருநிலையைச் சேர்ந்தவன் என்று பொருள், நாளடைவில் அது படித்தவனுக்கே பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் குமாஸ்தாவைக் குறிக்கும் கிளார்க் என்ற சொல் அங்கிருந்து வந்ததுதான். ஆகவே பழைய ஆவணத்தில் ஒருவரை எழுத்தறியாதவர் என்று எழுதியிருந்தால் அவர் கைநாட்டு என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

சரி, எத்தனை சதவீதம் பேருக்குத் தெரியும்?

இணையத்தில் ஐந்து சதவீதம், பத்து சதவீதம் என்று உறுதியாகச் சொல்லுவார்கள். அன்று யாரும் கணக்கெடுக்கவில்லை. ஊருக்கு ஊர், நூற்றாண்டுக்கு நூற்றாண்டு நிலைமை தலைகீழாக மாறும். 900-ஆம் ஆண்டின் ஒரு ஜெர்மன் கிராமத்துக்கும் 1400-ஆம் ஆண்டின் பிளாரன்ஸ் நகரத்துக்கும் சேர்த்து ஒரே எண் சொல்வதில் அர்த்தமே இல்லை.

படிக்கத் தெரியும், எழுதத் தெரியாது என்றால் எப்படி?

நமக்கு இரண்டும் ஒரே பாடம். அவர்களுக்கு இரண்டும் வேறு வேறு தொழில். எழுதுவது என்றால் பதப்படுத்திய தோலில் கோடு இழுத்து, இறகைச் சீவி, ஒரு கையில் பேனாக் கத்தியும் மறு கையில் இறகுமாக உட்கார்ந்து செய்யும் கைவேலை. பெரிய மனிதர்கள் அதைத் தாங்களே செய்வதில்லை, வாயால் சொல்லுவார்கள், எழுத ஆள் இருக்கும்.

பேரரசர் சார்லமேன் இதற்கு நல்ல உதாரணம். லத்தீன் சரளமாகப் பேசினார், சாப்பிடும்போது புத்தகம் வாசிக்கக் கேட்டார், இங்கிலாந்தின் யார்க் நகரத்து அல்குவின் போன்ற அறிஞர்களைக் கூட்டிவைத்துப் பாடம் படித்தார். ஆனால் எழுதப் பழகியது வயதான பிறகுதான். தலையணைக்கு அடியில் எழுத்துப்பலகை வைத்திருந்து ஓய்வு கிடைத்தபோதெல்லாம் எழுத்து போட்டுப் பார்த்ததாகவும், தாமதமாகத் தொடங்கியதால் பெரிதாக வரவில்லை என்றும் அவர் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்டு சொல்கிறார். ஐரோப்பாவின் பாதியை ஆண்டவர், கோணல்மாணலாக எழுத்து போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அதே மனிதர்தான் 789-இல், ஒவ்வொரு மடத்திலும் ஆயர் (பிஷப்) இருக்கும் இடத்திலும் சிறுவர்களுக்கு பைபிளின் திருப்பாடல்கள், பாட்டு, திருநாள் கணக்கு, இலக்கணம் எல்லாம் சொல்லித்தரப் பள்ளி வேண்டும் என்று ஆணையிட்டார். அவர் காலத்தில் ஓர்லியான் ஆயராக இருந்த தியோடுல்ஃப் ஒரு படி மேலே போய், கிராமங்களிலும் குருக்கள் பள்ளி நடத்த வேண்டும், பெற்றோர் அன்பாகக் கொடுப்பதைத் தவிரக் கட்டணம் எதுவும் கேட்கக் கூடாது என்றார். ஆணை இருந்தது என்பதற்காக ஊருக்கு ஊர் பள்ளி முளைத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அரசாணைக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரம் எந்தக் காலத்திலும் ஒன்றுதான்.

அப்படியானால் பொதுமக்கள் படிப்பதைத் திருச்சபை தடை செய்யவில்லையா?

பொதுவான தடை எதுவும் இல்லை. சொல்லப்போனால் சட்டம் எதிர்ப்பக்கம் நின்றது. 1179-இல் ரோமில் ஆயர்கள் கூடிய மூன்றாம் லாத்தரன் சங்கம், ஒவ்வொரு பேராலயத்திலும் ஓர் ஆசிரியருக்கு மானியம் ஒதுக்க வேண்டும், அவர் அந்தக் கோயிலின் குருமாணவர்களுக்கும் ஏழை மாணவர்களுக்கும் இலவசமாகக் கற்பிக்க வேண்டும் என்று விதித்தது. பெற்றோருக்கு வசதியில்லை என்பதால் ஏழைகள் படிக்கும் வாய்ப்பை இழந்துவிடக் கூடாது என்று காரணமும் அதிலேயே எழுதியிருக்கிறது. கற்பிக்க உரிமம் கொடுப்பதற்குக் காசு வாங்கக் கூடாது என்றும் இருக்கிறது. வாங்கிக்கொண்டிருந்தார்கள் என்று புரிந்துகொள்ளலாம். 1215-இல் நான்காம் லாத்தரன் சங்கம் இதையே திரும்பச் சொன்னது, முதல் விதியைப் பல கோயில்கள் கண்டுகொள்ளவே இல்லை என்ற புலம்பலோடு.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சிஸ்டர்சியன் என்ற துறவற சபையின் மடங்களில் இரண்டு வகைத் துறவிகள் இருந்தார்கள். ஒரு வகை கோயிலில் பாடுவார்கள், படிப்பார்கள். இன்னொரு வகை உழைப்பாளிச் சகோதரர்கள். வயல், ஆட்டுமந்தை, ஆலை எல்லாம் அவர்கள் பொறுப்பு, பெரும்பாலும் உழவர் வீட்டுப் பிள்ளைகள். இவர்கள் புத்தகம் வைத்திருக்கக் கூடாது, பரலோக மந்திரம், விசுவாச மந்திரம் போன்ற சில செபங்களைத் தவிர எதையும் கற்கக் கூடாது, அவற்றையும் ஏட்டைப் பார்த்துப் படிக்காமல் மனப்பாடமாகவே கற்க வேண்டும் என்று அவர்களுக்கான ஒழுங்குநூல் சொன்னது. ஒரே மடம், ஒரே கூரை, ஒரே கடவுள், நடுவில் எழுத்து என்ற சுவர். இதைத் தடை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

பைபிள் படிக்கக் கூடாது என்று சட்டம் இருந்ததே?

சில இடங்களில், சில நேரங்களில் இருந்தது. 1229-இல் துலூஸ் நகரில் கூடிய சங்கம், பொதுநிலையினர் பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு நூல்களை வைத்திருக்கக் கூடாது, வேண்டுமானால் திருப்பாடல் நூலோ செபப் புத்தகமோ வைத்துக்கொள்ளலாம், அதுவும் வட்டார மொழியில் கூடாது என்றது. தென்பிரான்ஸில், திருச்சபை மதவிரோதம் என்று கண்டித்த கத்தார் இயக்கத்துக்கு எதிரான போர் அந்த ஆண்டில்தான் முடிந்திருந்தது, சூழல் அது. இங்கிலாந்தில் திருச்சபையைக் கேள்வி கேட்ட அறிஞர் விக்கிளிஃபின் ஆட்கள் பைபிளை ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகு, பேராயர் அருண்டேல் அனுமதியில்லாத மொழிபெயர்ப்புகளைத் தடை செய்தார். 1409-இல் அது நடைமுறைக்கு வந்தது.

மற்ற இடங்களில் கதை வேறு. பிரான்ஸில் 1290-களிலேயே பைபிள் கதைகளைப் பிரெஞ்சில் எழுதிப் பணக்கார வீடுகளில் வைத்திருந்தார்கள். ஜெர்மன் பைபிள் 1466-இல் ஸ்ட்ராஸ்பர்க்கிலும், இத்தாலிய பைபிள் 1471-இல் வெனிஸிலும் அச்சில் வந்துவிட்டன, புரட்டஸ்தாந்து இயக்கத்தைத் தொடங்கிய லூத்தர் பிறந்ததே 1483-இல். பயம் எழுத்தைப் பற்றியது என்பதைவிட, எழுத்தை வைத்துக்கொண்டு சாமியாரிடம் எதிர்க்கேள்வி கேட்பவர்களைப் பற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது.

பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள்?

முதலில் அகரவரிசை, அப்புறம் பரலோக மந்திரம், அருள் நிறை மந்திரம், அப்புறம் திருப்பாடல்கள். எல்லாம் லத்தீனில். ஏழு வயதுப் பையன் எழுத்துக்கூட்டிச் சத்தம் போட்டு வாசிப்பான், பொருள் தெரியாது. பாடகர் குழுவில் நிற்க அது போதும். நம்மூரிலும் 1960-கள் வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. பீடத்தில் உதவிய பையன்கள் சாமியார் சொன்னதற்கெல்லாம் லத்தீனில் மறுமொழி சொன்னார்கள், கேட்டால் அர்த்தம் தெரியாது. என் தாத்தா கடைசி வரை அதைத் தப்பில்லாமல் ஒப்பிப்பார்.

அடுத்த கட்டம் இலக்கணப் பள்ளி. 4-ஆம் நூற்றாண்டு ரோமானிய ஆசிரியர் தொனாத்துஸ் எழுதிய சிறிய இலக்கணம்தான் ஆயிரம் வருடமாகப் பாடநூல், கேள்வி பதில் வடிவில் இருக்கும். 1199 வாக்கில் வில்தியூ ஊர் அலெக்சாண்டர் என்பவர் முழு லத்தீன் இலக்கணத்தையும் செய்யுளாகவே பாடிவைத்தார். மனப்பாடம் செய்ய வசதி. நன்னூலை ஒப்பித்த தலைமுறைக்கு இது விளங்கும். எழுதிப் பழக மெழுகு பூசிய பலகை, கூரான எழுத்தாணி. தப்பாக எழுதினால் மறுமுனையால் தேய்த்துவிட்டு மறுபடி எழுதலாம். ஆசிரியர் என்றால் கையில் பிரம்பு, அந்தக் காலத்துப் படங்களில் ஆசிரியரை அடையாளம் காட்டுவதே பிரம்புக் கட்டுதான்.

தாய்மொழியில் பேசினால் தண்டனையும் உண்டு. 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் லத்தீன் பள்ளிகளில், யார் ஜெர்மன் பேசுகிறார்கள் என்று ரகசியமாகக் குறித்துக்கொடுக்க ஒரு மாணவனையே நியமிப்பார்கள், அவனுக்குப் பெயர் ஓநாய். இங்கிலாந்தில் இன்னும் வேடிக்கை: ஆங்கிலேயப் பையன் லத்தீனைப் பிரெஞ்சு வழியாகக் கற்க வேண்டியிருந்தது, ஏனென்றால் பிரெஞ்சுதான் பெரிய மனிதர் மொழி. 1348-49-இன் கொள்ளைநோய்க்குப் பிறகு ஜான் கார்ன்வால் என்ற ஆசிரியர் ஆங்கிலத்திலேயே விளக்க ஆரம்பித்தார், மற்றவர்களும் பின்பற்றினார்கள். 1385-இல் இதைக் குறித்துவைத்த ஜான் ட்ரெவிசா, இப்போது பிள்ளைகள் சீக்கிரம் இலக்கணம் கற்கிறார்கள், ஆனால் பிரெஞ்சு சுத்தமாகத் தெரியவில்லை என்று வருத்தப்படுகிறார். இந்த வருத்தத்தை நீங்களும் வேறு ஏதாவது மொழியை வைத்துக் கேட்டிருப்பீர்கள்.

ஏழை வீட்டுப் பையன் மேலே வர முடிந்ததா?

முடிந்தது, ஒரே ஏணிதான், அது கோயிலுக்குள் இருந்தது. கெர்பெர் என்ற எளிய குடும்பத்துப் பையன் பிரான்ஸின் ஒரியாக் மடத்தில் படித்து, கத்தலோனியா போய்க் கணிதம் கற்று, 999-இல் இரண்டாம் சில்வெஸ்டர் என்ற பெயரில் போப் ஆனார். இங்கிலாந்தில் ராபர்ட் குரோசடெஸ்ட் தாழ்ந்த நிலையில் பிறந்து 1235-இல் லிங்கன் ஆயரானார். 1363-இல் உழவர் வீட்டில் பிறந்த ஜான் ஜெர்சோன் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் வேந்தரானார், பிறகு எளிய மக்களுக்காகப் பிரெஞ்சிலேயே அறிவுரை நூல்கள் எழுதினார்.

இவர்களை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் வாய்ப்பு இருந்தது என்று வாதாடுவது, ஒரு கலெக்டரைக் காட்டி ஊரே முன்னேறிவிட்டது என்பதுபோல. ஆனால் உதவி ஏற்பாடுகள் இருந்தன என்பதும் மெய்தான். பாரிஸில் 1180-இலேயே, எருசலேம் போய்த் திரும்பிய லண்டன்காரர் ஒருவர் மருத்துவ இல்லத்தில் ஓர் அறையை வாங்கி 18 ஏழை மாணவர்கள் தங்க ஏற்பாடு செய்தார். அதற்குப் பதினெட்டுப் பேர் கல்லூரி என்றே பெயர். 1257-இல் பாரிஸில் தொடங்கிய சொர்போன் கல்லூரி, எளிய குடும்பத்தில் பிறந்து அரசரின் ஆன்ம குரு என்ற நிலை வரை உயர்ந்த ராபர்ட் தெ சொர்போன் நிறுவியது. 1382-இல் வின்செஸ்டரில் ஆயர் வில்லியம் 70 ஏழை மாணவர்களுக்கென்று பள்ளி நிறுவினார், ஆனால் ஏழை என்ற சொல்லைத் தாராளமாகவே பொருள்கொண்டார்கள். கிராமத்தில் சின்ன உதவி ஒன்று இருந்தது: கோயிலில் தீர்த்தச் செம்பைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தெளித்து வரும் வேலை. அதில் கிடைக்கும் சில்லறை ஏழை மாணவனின் படிப்புக்கு என்று 13-ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சங்கங்கள் ஒதுக்கிவைத்தன. அதுவும் போதாதவர்கள் பிச்சை எடுத்துப் படித்தார்கள்.

பண்ணையாள் வீட்டுப் பிள்ளைக்கும் இதெல்லாம் உண்டா?

இங்கேதான் சுவர் நிஜமாகத் தெரியும், அதைக் கட்டியவர் சாமியார் இல்லை, பண்ணை முதலாளி. (அந்த முதலாளி பல ஊர்களில் ஒரு மடமாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.) இங்கிலாந்தில் நிலத்தோடு கட்டுண்ட பண்ணையாள் தன் மகனைப் பள்ளிக்கு அனுப்ப எசமானரின் அனுமதி வாங்க வேண்டும், காசு கட்ட வேண்டும். அனுமதியில்லாமல் அனுப்பியதற்கு அபராதம் போட்ட பதிவுகள் பண்ணை நீதிமன்ற ஏடுகளில் வந்துகொண்டே இருக்கின்றன. காரணம் லேசில் புரியும்: பையன் படித்துக் குருப்பட்டம் வாங்கிவிட்டால் அவன் சுதந்திர மனிதன், ஏர் பிடிக்க ஒரு கை குறைந்துபோகும்.

1391-இல் நாடாளுமன்றத்தின் பொதுமக்கள் அவை இன்னும் நேராகவே கேட்டது. பண்ணையாட்கள் தங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக் குருநிலை வழியாக மேலே ஏற்றிவிடுகிறார்கள், சுதந்திரமாகப் பிறந்தவர்களின் மானத்தைக் காக்க இதைத் தடை செய்யுங்கள் என்று மனு. இரண்டாம் ரிச்சர்ட் அரசர் யோசிப்போம் என்றார். அரச மொழியில் அதற்குப் பொருள் முடியாது என்பது. பிறகு 1406-இல் ஒரு சட்டம் வந்தது. ஆண்டுக்கு 20 ஷில்லிங் வருமானம் தரும் நிலமோ வாடகையோ இல்லாதவர்கள் பிள்ளைகளை நகரத்துத் தொழிலில் பழகுநராகச் சேர்க்கக் கூடாது என்று ஒரு கதவை அது சாத்தியது, ஆனால் எந்த நிலையில் உள்ள ஆணும் பெண்ணும் தங்கள் மகனையோ மகளையோ நாட்டில் விரும்பிய பள்ளிக்கு அனுப்பலாம் என்று அதே சட்டம் இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. "மகளையோ" என்ற சொல் அதில் இருக்கிறது, கவனியுங்கள்.

பெண்கள் படித்தார்களா?

படித்தார்கள், பல்கலைக்கழகத்துக்கு மட்டும் போகவில்லை. பாரிஸிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் மாணவன் என்றாலே குருநிலைக்காரன் என்றுதான் கணக்கு, பெண்ணுக்கு அங்கே இடம் இல்லை.

கன்னியர் மடம்தான் முதல் வழி. 6-ஆம் நூற்றாண்டிலேயே ஆர்ல் நகர ஆயர் செசாரியுஸ் தன் கன்னியர்களுக்கு எழுதிய ஒழுங்கில் எல்லோரும் எழுத்துக் கற்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது, விதிவிலக்கே இல்லை. 10-ஆம் நூற்றாண்டில் காண்டர்ஷைம் மடத்தில் ஹ்ரோட்ஸ்வித் லத்தீனில் நாடகங்கள் எழுதினார். பிங்கன் ஹில்டெகார்டு (1098–1179) மருத்துவம், இசை, தான் கண்ட தெய்வீகக் காட்சிகள் என்று எழுதிக் குவித்தார், போப்புக்கும் பேரரசருக்கும் கடிதம் போட்டார், ஆனாலும் தன்னைப் படிப்பில்லாத பெண் என்றே சொல்லிக்கொண்டார். அதில் பாதி அடக்கம், பாதி பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

பிற்காலத்தில் இந்த வழி குறுகியது. 1298-இல் எட்டாம் போனிபாஸ் என்ற போப் வெளியிட்ட சட்டத்தொகுப்பில் இரண்டு விதிகள் இருக்கின்றன. ஒன்று, பங்குச் சாமியார்கள் மானியத்தை வாங்கிக்கொண்டே ஏழு வருடம் வரை பல்கலைக்கழகம் போய்ப் படிக்க அனுமதி தரலாம் என்பது. இன்னொன்று, எல்லாக் கன்னியர்களும் மடத்தை விட்டு வெளியே வராமல் அடைப்புக்குள் இருக்க வேண்டும் என்பது. ஒரே போப், ஒரே தொகுப்பு. பல்கலைக்கழகம் கல்வியின் மையமானபோது பெண்கள் ஏன் பின்தங்கினார்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்த இரண்டையும்தான் அடுத்தடுத்து வைத்துக் காட்டுவேன்.

மடத்துக்கு வெளியே, பிரபுக்கள் வீட்டில் அம்மாதான் ஆசிரியை. 841-இல் துவோடா என்ற பிரபு வீட்டுப் பெண், அரசவைக்குப் பணயம்போல அனுப்பப்பட்ட பதின்ம வயது மகன் வில்லியமுக்காக லத்தீனில் ஒரு முழு அறிவுரை நூலே எழுதினார். இரண்டாவது குழந்தையைப் பிறந்த கொஞ்ச நாளிலேயே கணவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார், அதன் பெயர்கூட அவருக்குத் தெரியாது. அந்தத் தம்பிக்கும் நீ படித்துக் காட்டு என்று பெரியவனிடம் கேட்டுக்கொள்கிறார். 14-ஆம் நூற்றாண்டில் புனித அன்னம்மாள் குழந்தை மரியாவுக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்துப் படிப்புச் சொல்லித்தரும் ஓவியம் எங்கும் பரவியது. பைபிளில் இல்லாத காட்சி அது, வீட்டில் நடந்ததைப் பார்த்து வரைந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பும் இருந்தது. 13-ஆம் நூற்றாண்டில் நோவாராவின் பிலிப் என்ற பிரபு, கன்னியராகப் போகிறவளைத் தவிர வேறு பெண்ணுக்கு எழுத்தே சொல்லித்தராதே, காதல் கடிதம் வந்துவிடும் என்றார். 1370-களில் லாந்த்ரி கோட்டை மாவீரர் தன் மகள்களுக்காக எழுதியபோது கொஞ்சம் இறங்கிவந்து, படிக்கத் தெரிவது நல்லது, எழுதத் தெரியாவிட்டால் பரவாயில்லை என்றார். அதே காலத்து பாரிஸில், சின்னப் பிள்ளைகளின் பள்ளிகளைக் கண்காணித்த பேராலயப் பாடகர் தலைவர் முன் 1380-இல் கூடிய ஆசிரியர்களில் 41 பேர் ஆண்கள், 21 பேர் பெண்கள். பெண் ஆசிரியைகள் இத்தனை பேர் என்றால் அவர்களிடம் படித்த சிறுமிகளும் இருந்தார்கள்.

சாமியார்களாவது ஒழுங்காகப் படித்திருந்தார்களா?

இங்கிலாந்தில் 1222-இல் சால்ஸ்பரி பேராலயத்தின் தலைமைக் குரு, சோனிங் என்ற ஊர்ப்பக்கம் சோதனைக்குப் போனார். சைமன் என்ற சாமியாரைக் கூப்பிட்டு, பூசையின் மையச் செபத்தின் முதல் வரியை இலக்கணத்தோடு விளக்கச் சொன்னார். "ஆகவே இரக்கமே உருவான தந்தையே, உம்மை" என்று தொடங்கும் வரி அது. "உம்மை" என்பதை ஆளும் சொல் எது என்று கேள்வி. "தந்தைதான், அவர்தானே எல்லாவற்றையும் ஆளுகிறார்" என்றாராம் சைமன். இறையியலில் முழு மதிப்பெண், இலக்கணத்தில் பூச்சியம். அங்கே சோதித்த வேறு சிலரும் தேறவில்லை. அதில் சிலர் சேர்ந்து பதில் சொல்லவே மாட்டோம் என்று முடிவுசெய்துகொண்டதும் பதிவாகியிருக்கிறது.

எழுத்து தெரிந்தால் தூக்கிலிருந்து தப்பலாம் என்பது கட்டுக்கதையா?

இல்லை, சட்டமே அப்படித்தான். இங்கிலாந்தில் குருநிலையினரை அரச நீதிமன்றம் தூக்கிலிட முடியாது, திருச்சபை நீதிமன்றத்திடம் ஒப்படைக்க வேண்டும், அங்கே மரண தண்டனை கிடையாது. ஒருவன் குருநிலைக்காரனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உச்சி மழித்திருக்கிறதா என்று பார்த்தார்கள், தலையை யார் வேண்டுமானாலும் மழித்துக்கொள்ளலாம். ஆகவே புத்தகத்தைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். வழக்கமாகக் கொடுத்தது திருப்பாடல் 51-இன் முதல் வரி, "கடவுளே, எனக்கு இரங்கும்". கழுத்தைக் காப்பாற்றியதால் அதற்குக் கழுத்து வசனம் என்று பெயரே வந்துவிட்டது. வெகுசீக்கிரம் கொலைகாரன், திருடன் எல்லாம் படிக்கத் தெரிந்தால் போதும், குருநிலைக்காரன் ஆகிவிட்டான். அந்த ஒரு வரியை மனப்பாடம் செய்துகொண்டு புத்தகத்தைப் பார்ப்பதுபோல நடித்தவர்களும் உண்டு. 1489-இல், உண்மையான குருக்களைத் தவிர மற்றவர்களுக்கு ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை, அடையாளத்துக்குக் கட்டைவிரலில் சூடு என்று சட்டம் கொண்டுவந்தார்கள். சாதாரணப் பெண்ணுக்கு இது பொருந்தவே பொருந்தாது, அவள் எவ்வளவு அழகாகப் படித்தாலும் தூக்குதான்.

புத்தகம் அவ்வளவு விலையா?

8-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் வட இங்கிலாந்து மடம் ஒன்றில் தயாரான ஒரு பெரிய பைபிளுக்கு மட்டும் 500-க்கும் மேற்பட்ட கன்றுகளின் தோல் தேவைப்பட்டது. அதுபோல மூன்று செய்தார்கள். பல்கலைக்கழக ஊர்களில் ஒரு நல்ல உத்தி கண்டுபிடித்தார்கள்: பாடநூலைக் கட்டாமல் தனித்தனிப் பகுதியாக வைத்து, மாணவர்களுக்கு ஒவ்வொரு பகுதியாக வாடகைக்கு விடுவது, படியெடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்து அடுத்ததை வாங்கிக்கொள்ளலாம், ஒரே நேரத்தில் பல பேர் ஒரே நூலைப் படியெடுக்கலாம். ஜெராக்ஸ் கடைக்கு முப்பாட்டன். 1290-இல் சொர்போன் நூலகத்தின் பட்டியலில் 1,017 நூல்கள், அன்றைக்கு அது பெரிய எண்ணிக்கை. முக்கியமானவற்றைச் சங்கிலியால் மேசையோடு கட்டியிருந்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் பாப்ரியானோவில் காகிதம் செய்யத் தொடங்கிய பிறகுதான் விலை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

வியாபாரிகள் எங்கே படித்தார்கள்?

கொல்லைப்புறம் என்று மேலே சொன்னேனே, அது இதுதான். 1338 வாக்கில் பிளாரன்ஸ் பற்றி ஜொவான்னி வில்லானி என்பவர் எழுதிவைத்த கணக்கு புகழ்பெற்றது: எழுத்துப் படிக்கும் சிறுவர் சிறுமியர் 8,000 முதல் 10,000 வரை, ஆறு பள்ளிகளில் வணிகக் கணக்குப் படிக்கும் பையன்கள் 1,000 முதல் 1,200 வரை, நான்கு பெரிய பள்ளிகளில் லத்தீன் இலக்கணமும் தர்க்கமும் படிப்பவர்கள் 550 முதல் 600 வரை. ஊர்ப்பெருமை பேசும் மனிதர், முதல் எண்ணைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் விகிதத்தைப் பாருங்கள், கணக்கு படித்தவர்கள் லத்தீன் படித்தவர்களைப்போல இரண்டு மடங்கு. பாடம் முழுக்க இத்தாலிய மொழியில், ஆசிரியருக்குச் சம்பளம் அப்பன்மார் பையிலிருந்து. வட்டி, கூட்டு வியாபாரத்தில் பங்கு பிரிப்பது, நாணய மாற்று, எல்லாம் இந்தியாவில் பிறந்து அரபு நாடுகள் வழியாக வந்த எண்களை வைத்து. இந்த எண்களை எளிதில் திருத்திவிடலாம் என்று பயந்து 1299-இல் பிளாரன்ஸ் நாணய மாற்றுக்காரர் சங்கம் கணக்கேடுகளில் தடை செய்தது, தடை நிற்கவில்லை என்பதற்கு இந்தப் பள்ளிகளே சாட்சி.

யூதர்கள் இதைவிட நன்றாகப் படித்தார்கள் என்கிறார்களே?

அன்றைய கிறித்தவரே சொன்னது. 12-ஆம் நூற்றாண்டில் அறிஞர் அபெலாரின் மாணவர் ஒருவர் இப்படி எழுதினார்: கிறித்தவர்கள் ஒரு மகனைப் படிக்கவைப்பது குருவாக்கிக் குடும்பத்துக்கு லாபம் பார்க்க, யூதனோ எவ்வளவு ஏழையாக இருந்தாலும் பத்து மகன்கள் இருந்தால் பத்துப் பேரையும் படிக்கவைப்பான், இறைச்சட்டம் புரிய வேண்டும் என்பதற்காக, மகள்களையும்கூட. கொஞ்சம் மிகைப்படுத்தியிருப்பார், தன் ஆட்களைக் குத்திக்காட்டுவதற்காக. ஆனால் படிப்பு குருப்பட்டத்தோடு ஒட்டிப் போயிருந்ததை உள்ளேயிருந்தே ஒருவர் உணர்ந்திருக்கிறார்.

எழுத்தே தெரியாதவர்கள் எப்படிச் சமாளித்தார்கள்?

காதால். பத்திரத்தை ஊர் கூடிய இடத்தில் உரக்க வாசிப்பார்கள், கையெழுத்துக்குப் பதில் முத்திரை. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் சாதாரண உழவர்கள்கூட முத்திரை வைத்திருக்க ஆரம்பித்தார்கள். அரசு அலுவலகமோ எழுத்தைக் கொட்டித் தள்ளியது. 1220-களின் கடைசியில் அரச செயலகம் முத்திரை வைக்க வாரத்துக்கு 3.63 பவுண்டு மெழுகு செலவழித்தது, 1260-களின் கடைசியில் அது 31.9 பவுண்டு. எழுத்து தெரியாத ஆளின் வாழ்க்கைக்குள்ளும் எழுத்து புகுந்துவிட்டது. 15-ஆம் நூற்றாண்டில் மார்கரெட் பாஸ்டன் என்ற நில உடைமைக் குடும்பத்துப் பெண் வழக்கு, வாடகை, அடிதடி எல்லாவற்றையும் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட கடிதங்கள் அனுப்பினார், எல்லாம் வேறு வேறு ஆட்களின் கையெழுத்தில்.

எனக்குப் பிடித்தவர் இங்கிலாந்தின் லின் நகரத்து மார்ஜரி கெம்ப், ஐந்து முறை மேயராக இருந்தவரின் மகள், 14 பிள்ளைகளுக்குத் தாய், எழுதப் படிக்கத் தெரியாதவர். சாமியார் ஒருவர் வருடக்கணக்கில் புத்தகம் வாசித்துக்காட்ட, கேட்டே எல்லாவற்றையும் மனதில் ஏற்றிக்கொண்டார். போதகம் செய்யக் கூடாது என்று பேராயர் முன் நிறுத்தினார்கள், அங்கேயும் பைபிளை மேற்கோள் காட்டி வாதாடினார். வயதான பிறகு தன் கதையை ஒருவரிடம் சொல்லி எழுதவைத்தார். அந்த ஆள் செத்துப்போனார், எழுத்து ஆங்கிலமும் இல்லை ஜெர்மனும் இல்லை என்ற கதியில் இருந்தது. ஒரு சாமியார் அதைப் படிக்க முடியாமல் வருடக்கணக்கில் தள்ளிப்போட்டார், பிறகு மனம் மாறி 1436-இல் உட்கார்ந்து, மார்ஜரி சொல்லச் சொல்லத் திருத்தி எழுதினார். அதன் ஒரே கைப்பிரதி 1934-இல்தான் ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் வீட்டில் கிடைத்தது.